கடைசி சைக்கிள்

இன்று விடிந்ததும் உப்பளத்து வாசலில் எல்லோருடைய சைக்கிளுக்கும் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெளிச்சம் பட்டால் மின்னுமாம். உனக்கும் ஒன்று கேட்டு வாங்கினேன். ஒட்ட வந்தவர் பேர் கேட்டார்; உன் பேரைச் சொன்னேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பசை வாசனை இன்னும் கையில் இருக்கிறதடி.

"நீங்கதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும்" என்று அவர் புத்தி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதை யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டார்.

வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட வேண்டுமென்று நாம் நாலு பேரும் இருட்டிலேயே கிளம்புவோமே. நாலு பேருக்கும் ஒரே டார்ச். அது என் ஹேண்டில்பாரில் இருக்கும். நான் முன்னால், மற்றவர்கள் என் பின்னால் வரிசையாக, கடைசியில் நீ. நமக்கு வழி தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தோம். வருகிறவன் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

உப்பளப் பாதையில் இறங்கியதும் டார்ச்சை அணைக்கச் சொல்வாய். நிலா இல்லாத நாளிலும் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெளுத்துக் கிடக்கும். பாத்தித் தண்ணீரில் நட்சத்திரங்கள் நிற்கும். வானம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாமல், தூக்கத்தில் போவது போலப் போய்க்கொண்டிருப்போம். "உப்பு வெளிச்சமே போதும்டி" என்பாய். எந்தப் பாட்டையும் ஒரே ராகத்தில் பாடுவாய். கேட்கச் சகிக்காது. ஆனாலும் அது கேட்டுக்கொண்டிருக்கும் வரை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு நாம் உப்பளப் பாதைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெரிய ரோட்டுத் திருப்பத்தில் உன் பாட்டு பாதியில் நின்றது.

லாரி டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். "சத்தியமா கண்ணுக்குத் தெரியலக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கண் தெரியாத இருட்டில் அவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்டேன். சைக்கிளில் விளக்கு இல்லை என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். திருப்பத்துக் கம்பத்தில் விளக்கு எரியாததை யாரும் எழுதவில்லை. இருந்த ஒரே டார்ச் என்னிடம் இருந்ததையும் எழுதவில்லை. அதை நான்தான் தினமும் எனக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கடைசியில் வருவது நான். அந்த டார்ச்சைக் கேரியரில், பின்பக்கம் பார்க்கும்படி கட்டியிருக்கிறேன். முன்னால் போகிற இருவரும் முதலில் திட்டினார்கள். "எங்களுக்குக் காட்டாம யாருக்குடி காட்டுற?" என்றார்கள். வர்றவனுக்கு என்றேன். பிறகு அவர்களே வேறொன்று வாங்கி முன்னால் கட்டிக்கொண்டார்கள். உன் ஸ்டிக்கரையும் என் மட்கார்டிலேயே ஒட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பாட்டும் பாடுகிறேன், உன்னைவிட மோசமாக. மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், முன்னால் போகிற இருவரும் சைக்கிளை விட்டு இறங்கித் திரும்பிப் பார்க்கிறார்கள்.