இரண்டாவது அடி

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தூறல், எட்டு மணிக்கெல்லாம் வெயில். வாலாஜாபாத் தாண்டி அந்தப் பாறைக் குன்று. தேவி மாகறலிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். என் ஸ்கூல் கெமிஸ்ட்ரி டீச்சர்; அவளுக்கும் என் செடிப் பைத்தியம் தொற்றிவிட்டது.

படங்கள்: விஷ்ணுகிரந்தி 6. அழுகண்ணி 11, ஈரப் பாறையில், பூச்சி ஒட்டியபடி. ஒரு மஞ்சள் பூ, பெயர் தெரியவில்லை, தண்டில் மயிர்.

உச்சிக்குக் கீழே கண்வலிக்கிழங்குக் கொடிகள். போன வாரம் பூத்துக் கிடந்த இடம். இன்று முழுக்கக் குழி. ஒருவன் கடப்பாரையால் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் மூட்டை. படம் எடுத்தேன்.

"இன்னாத்துக்குமா படம்? அழி."

"அழிக்க மாட்டேன்."

கையை முறுக்கி ஃபோனைப் பிடுங்கிப் பாறையில் அடித்தான். தேவி குறுக்கே வந்தாள். அவள் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. ஒரு கல்லை எடுத்து அவன் மண்டையில் அடித்தேன். விழுந்தான்.

தேவி ஃபோனில் 108. தூக்கிப் போகும்போது மூச்சு இருந்தது.

சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிடச் சொன்னார் அப்பா. தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

லீவு. மணிக்கட்டு வீக்கம். தேவிக்கு மூன்று தையல். அவன் பெயர் ஏழுமலை. நினைவு திரும்பிவிட்டதாம். மண்டையில் இரண்டு இடத்தில் தையல்.

அப்பாவின் ஃபோனில் தேவி கூப்பிட்டாள்: "தற்காப்புக்கு அடிச்சேன்னு சொல்லிடு. நான் சாட்சி. நல்லா வேணும் அவனுக்கு."

அவள் அப்போது முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். பார்க்கவில்லை.

இரண்டு முறை அடித்தேன். இரண்டாவது, அவன் விழுந்த பிறகு. கடப்பாரை எட்டாத தூரத்தில். தலைமேல் கையை வைத்துக்கொண்டு "வேணாம்மா" என்றான். அந்தக் கைக்கு நடுவில் அடித்தேன். அடிக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

அப்பா எறும்பு மொய்த்த தட்டை, ஒன்றும் சாகக் கூடாதென்று, உதறாமல் வாசலில் கொண்டுபோய் வைக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. ஸ்டேஷன். பெஞ்சில் ஏழுமலை, தலையில் கட்டு. பக்கத்தில் மனைவி.

எஸ்.ஐ. சொன்னார்: "பாறையில வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்களும் புகார் இல்லைன்னு எழுதிட்டா முடிஞ்சுதும்மா."

தேவி முழங்கையால் இடித்தாள். பேனாவை வாங்கினேன்.

அவன் மனைவி புருஷனைத்தான் கேட்டாள், மெதுவாக: "வழுக்கி வுழுந்தா ரெண்டு எடத்துலயா ஒடையும்?"

பேனாவை மேசையில் வைத்தேன்.

"வழுக்கலை சார். நான்தான் அடிச்சேன். ரெண்டாவது அடி, அவர் விழுந்தப்புறம்."

தேவி எழுந்து வெளியே போனாள். எஸ்.ஐ. வேறு தாள் எடுத்தார்.

"அப்பா பேரு சொல்லுங்க."