விஞ்ச் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னது பற்றி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் வலது தோளைத் தவிர, அதுவும் இப்போது முக்கால் சுகம்தான், சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிறார், பட்டனை மட்டும் ஏறுமாறாகப் போட்டுக்கொண்டு திரிகிறார். நீயும் மாப்பிள்ளையும் நலமா, உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் போதாதா, எதற்கு இந்தக் கடிதம் என்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு நடுவே மீட்டிங் வராது பார், அதனால்தான் தையல் வேலையை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கப் படி, அப்புறம் கோபப்பட்டுக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தோள் ஆபரேஷனுக்குப் பிறகு கையால் கயிற்றைச் சுற்றிப் படகை டிரெய்லரில் ஏற்ற முடியாமல் தவிக்கிறாரே என்று, தானே கயிற்றைச் சுற்றி இழுக்கிற கரன்ட் விஞ்ச் வாங்கி அனுப்பினாய். போன மாதம் அவர் உனக்குக் குரல் செய்தி போட்டார், “நீ அனுப்புன விஞ்ச் பிடிக்கலம்மா” என்று. அவ்வளவுதான், உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடுங்க, கடைக்காரன் எடுத்துக்குவான் என்று பதில் போட்டாயாம், அவரும் சரிம்மா என்று போட்டாராம், அதோடு அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாய். இதை என்னிடம் சொன்னது மாப்பிள்ளை, அவரைப் பிடித்து உலுக்காதே, பாவம், மென்று விழுங்கித்தான் சொன்னார். அடி பைத்தியமே, பிரேக் பிடிக்கவில்லை என்கிறோமே, அந்தப் பிடிக்கவில்லை அது! மோட்டார் சுற்றுகிறது, கயிறு சுற்றும் உருளை அசையாமல் நிற்கிறது, இரண்டையும் சேர்க்கிற கிளட்ச் பிடிக்கவில்லை. நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் முத்து உதிர்ந்துவிடும் உன் அப்பாவுக்கு. நீ போட்ட பதிலைப் பார்த்துவிட்டு, பழுதான சாமானைக் கடைக்கு அனுப்பச் சொல்கிறாள், எவ்வளவு விவரம் பார் என்று என்னிடம் பெருமை வேறு. நீ ஏன் கூப்பிடுவதே இல்லை என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. வேலை நெருக்கடியாக இருக்கும், தொந்தரவு செய்யாதே என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார், போன் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவதும் அவர்தான்.

சரி, புத்தம்புது விஞ்ச் ஏன் வழுக்கியது என்று கேள். உன் அப்பாவுக்குத்தான் தெரியுமே, காலமெல்லாம் பூட்டு ரிப்பேர் பார்த்த கை, எது முரண்டு பிடித்தாலும் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நீ ஆசையாக அனுப்பியது துருப்பிடித்துவிடக் கூடாதாம், மூடியைத் திறந்து உள்ளே ஊற்றோ ஊற்றென்று ஊற்றியிருக்கிறார், கிளட்ச் நன்றாகக் குளித்திருக்கிறது. ஏரிக்கரைச் சரிவில் டிரெய்லரை இறக்கிப் பொத்தானை அமுக்கினோம், படகு பாதி தூரம் ஜம்மென்று ஏறியது, அப்புறம் மோட்டார் மட்டும் பாடிக்கொண்டிருக்க, படகு மெல்லப் பின்னால் நழுவித் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. படகை டிரெய்லரோடு பிணைக்கிற சங்கிலியை மாட்டக்கூட நேரமில்லை. கரையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தாரே தவிர சாப்பிடவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது எப்படித் தெரியுமா, படகுக்கு உறை தைக்கிற என் பெரிய மிஷினிலும் கிளட்ச் மோட்டார்தானே, ஒரு தரம் அதிலும் எண்ணெய் பட்டு இதே கூத்துதான். பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு விஞ்சைப் பிரித்தோம், பிரித்தது நான், அவர் டார்ச் பிடித்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்டார். உள்ளே வட்டமாக ஒரு தட்டு, பிரேக் கட்டையில் ஒட்டியிருக்குமே அதே மாதிரி, எண்ணெயில் ஊறிப் பளபளவென்று இருந்தது. பிரேக் கழுவுகிற ஸ்பிரேயை அடித்துத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்து, காய வைத்து மாட்டினேன். நட்டை முறுக்கும்போதுதான் சண்டை. ரொம்ப இறுக்கினால் கயிறு இளக வேண்டிய நேரத்தில் இளகாது, தளர விட்டால் மறுபடி வழுக்கும். அவர் இன்னும் என்றார், நான் போதும் என்றேன், போதும் என்பதுதான் சரியாக இருந்தது. இனிமேல் பல் சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ், கிளட்ச் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது, படகின் பாரம் கயிற்றில் இருக்கும்போது கிளட்ச்சைத் தளர்த்தவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்க் குப்பி இப்போது என் தையல் பெட்டியில் கைதியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படகு ஒரே மூச்சில் ஏறிவிட்டது. நீயும் கார் ஓட்டும்போது கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே, தேய்ந்துவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. படகு நழுவிய மறுநாள் பக்கத்துத் தெரு பல் டாக்டர் வந்தார், உங்கள் தோளுக்கு இனி இது தோதுப்படாது, படகு, டிரெய்லர், விஞ்ச் எல்லாவற்றையும் சேர்த்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் படகையும் டிரெய்லரையும் எடுத்துக்குங்க, விஞ்சை மட்டும் கழற்றிடறேன் என்றார். டாக்டருக்குச் சிரிப்பு, படகே இல்லாமல், அதுவும் ஓடாத விஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது என் பொண்ணு வாங்கிக் குடுத்தது, ஓடாட்டியும் வீட்ல இருக்கட்டும் என்றார் உன் அப்பா. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், அழுதுவிட்டேன். விஞ்ச் ஓட ஆரம்பித்ததும் டாக்டரைக் கூப்பிட்டு, விற்பதற்கில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், மனம் நிறைந்து பல்லாண்டு வாழ வேண்டும். ஈரத் தலையோடு தூங்காதே. கடிதம் எழுதியதை அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா