பர்னருக்கு வைத்த பொட்டு

அரூர்,
விஜயதசமி கழிந்த ஞாயிறு.

அன்புள்ள ஷாருக்,

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மஸ்கட்டுக்குத் திரும்பும் உன் மாமா பையனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் ஏணி மேல் நின்று ஏசியைக் கழற்றிக்கொண்டே "ம், ம்" என்பாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிடுவாய். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் சேதி. நம் பர்னர் ஜெயித்துவிட்டது.

குச்சிக்கிழங்கு அரைத்த கழிவுநீரை ஓடையில் விடாமல் மூடிய தொட்டியில் விட்டால் வாயு வரும், அதிலேயே ஜவ்வரிசி வறுக்கலாம், விறகே வேண்டாம் என்று நாம் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னோம். சேகோ மில் முதலாளி சென்றாயன் காதில் வாங்கவில்லை. நீ வெறுத்துப்போய் விமானம் ஏறினாய். நான் விடவில்லை, அவரை நச்சரித்துத் தொட்டியைக் கட்டவைத்தேன். நீ எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராமைக் கொண்டு ஒரே ஒரு வறுவல் சட்டிக்கு மட்டும் பர்னர் மாட்டினேன். "சரக்கு வாங்குற கம்பெனிக்காரன் வந்து பாத்து சரின்னா எல்லாச் சட்டிக்கும் மாட்டு. இல்லன்னா களட்டி எடைக்குப் போட்டுடுவேன், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத" என்றார் சென்றாயன். தேறினால் உனக்கும் எனக்கும் ஊரிலேயே தொழில். தவறினால் நானும் உன் பக்கத்தில் ஏணி பிடிக்க வேண்டியதுதான். நிலைமை அவ்வளவுதான்.

பர்னரை ஓட்ட ஆள் வேண்டுமே. ஐ.டி.ஐ. முடித்தவன் எல்லாம் ஓசூர் பஸ் ஏறிவிட்டான். அதனால் சட்டி முன்னால் விறகு தள்ளிக்கொண்டிருந்த பெண்களுக்கே வகுப்பு எடுத்தேன். குள்ளம்மாக்காவை உனக்கு நினைவிருக்கும், உன்னை "மீசை முளைக்காத இஞ்சினீரு" என்று கூப்பிடுவாரே, அவர்தான் முன்வரிசை. முதல் நாளே நான் கத்திவிட்டேன். அக்கா பர்னரை ஓட்டும் டேப்லெட்டை என் மடியிலேயே திருப்பி வைத்து, "தம்பி, நீ கத்தறது நல்லா காதுல வுளுது. சொல்றதுதான் ஒண்ணும் வுளல" என்றார். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கினேன். தீயைப் பார்க்கும் சென்சாரைக் காட்டி, இதுதான் பர்னரின் கண், இதற்குத் தீ தெரிந்தால்தான் வாயு திறந்திருக்கும், இல்லாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள் என்று பழக்கினேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

கம்பெனிக்காரர்கள் வருவதாகச் சொன்னது விஜயதசமிக்கு மறுநாள். பூஜை விடுமுறை முடிந்து காலையில் வந்து பற்றவைக்கிறேன், பற்றுகிறது, உடனே அணைகிறது. மறுபடியும் அப்படியே. வாயுவைச் சந்தேகப்பட்டேன். வால்வைச் சந்தேகப்பட்டேன். உன் புரோகிராமைச் சந்தேகப்பட்டு உன்னைத் திட்டவும் செய்தேன், உனக்கு விக்கல் எடுத்திருக்கும். சென்றாயன் போனை எடுத்து விறகு டிராக்டரை வரச் சொன்னார்.

அந்த டிராக்டர் சத்தம் கேட்டபோதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. டேப்லெட்டில் கிராஃபைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை பற்றும்போதும் சட்டியின் சூடு துளி ஏறியிருக்கிறது. சென்சாரோ தீயே இல்லை என்கிறது. அப்படியென்றால் தீ இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால், டேய், கண்ணாடி முழுக்கச் சந்தனம்! நடுவில் குங்குமம்! காய்ந்து ஓடு மாதிரி பிடித்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவர்கள், நான் பழக்கியபடியே சென்சாரையும் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, ஒழுங்காகத் திருகி மாட்டியிருக்கிறார்கள். யார் வைத்தது என்று கத்தினேன். குள்ளம்மாக்கா கொஞ்சமும் அசரவில்லை. "நாந்தான் வெச்சேன். கண்ணுதான் முக்கியம்னு நீதான சொன்ன? அதான் மோட்டாருக்குச் சின்னதா வெச்சிட்டு இதுக்குப் பெருசா வெச்சேன்." முதலில் சிரித்தது டிராக்டர்காரன். பிறகு சென்றாயன். கடைசியில் எனக்கும் அடக்க முடியவில்லை. நாம் எழுதிய எந்தக் குறிப்பிலும் இது இல்லையே! வெந்நீரில் கழுவித் துடைத்து மாட்டினேன். எரிந்தது.

மதியம் இரண்டு பேர் வந்தார்கள். செய்தவன் ஓட்டினால் எரியத்தான் செய்யும், தினமும் ஓட்டப்போவது யார், அவரைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் ஒரு துள்ளு துள்ளியது, பர்னர் அணைந்துவிட்டது. உள்ளே தங்கிய வாயுவை விசிறி ஓடி வெளியேற்றும்வரை காத்திருக்காமல் நேரே பற்றவைக்க ஒரு சாவி வைத்தோமே, என் கை தானாக அதன் மேல் போய்விட்டது. அக்கா அந்த ஆட்கள் முன்னாலேயே புறங்கையால் தட்டிவிட்டார். "எட்டப் போ தம்பி. உள்ள நிக்கற கேஸு வெளிய போவட்டும். அவசரத்துல பத்த வெச்சா மூஞ்சி வெந்துபூடும்னு பாடம் எடுத்தவனே நீதான்."

அக்கா விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஓடி முடித்த பிறகு திரையைத் தொட்டார். நீலமாகத் தீ பிடித்தது. சட்டியில் ஜவ்வரிசி புகை வாடை இல்லாமல், கரி படாமல் வெள்ளை வெளேரென்று துள்ளியது. வந்தவர்களில் ஒருவர் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். அக்கா, "மறுபடி அந்தப் பொகை அடுப்புக்கு என்னை அனுப்பினா நான் வேலைக்கே வர மாட்டேன். அத எளுதிக்குங்க மொதல்ல" என்றார். எழுதிக்கொண்டார்கள். எல்லாச் சட்டிக்கும் மாட்டச் சொல்லிவிட்டார்கள். டிராக்டர் விறகை இறக்காமலே திரும்பிப் போனது.

தீர்த்தமலை பஸ் நம் மில்லைத் தாண்டும்போது நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலை மூடுவார்களே, இப்போது யாரும் மூடுவதில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இரண்டு மில்காரர்கள் எப்போது வருகிறாய் என்கிறார்கள். எனக்குக் குழாயும் வயரும் தெரியும். உன் புரோகிராமில் ஒரு வரி மாற்றத் தெரியாது. இன்னும் பத்துப் பெண்களுக்கு வகுப்பும் எடுக்க வேண்டும். அதற்கும் என்னைவிட நீதான் சரி, நீ சொல்லிக்கொடுத்தால் யாரும் டேப்லெட்டைத் திருப்பித் தர மாட்டார்கள்.

உன் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறதாம், புதுப்பிக்கப் போகிறாயாம். உன் அம்மா சொன்னார். "அவன் இஷ்டம்பா" என்றதோடு சரி. ஆனால் நேற்று உன் வீட்டுக்குப் போனபோது உன் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும்மா என்று கேட்டேன். "சும்மா கெடக்குதேன்னு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இப்படிச் சுற்றி வளைக்க வராது. கையெழுத்துப் போடாதே. டிக்கெட் போடு. பெங்களூரில் இறங்கு, எந்த நேரமானாலும் வண்டியோடு வாசலில் நிற்பேன்.

நல்லபடியாக வந்து சேர்.

உன்
பூவரசன்