இழுக்கிறான், காத்திருக்கிறார்

அன்பு நண்பா,

இன்று காலை பீரோவில் காஸ் புத்தகத்தைத் தேடினேன். கிடைத்தது ஓர் அட்டைத் துண்டு. என் கையெழுத்து, கறுப்பு மை: "கம்பி வண்டி இழுக்கிறார்." கடைசி எழுத்து இருக்கும் இடம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. உன்னிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். நீ லேத்தில், நான் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீசில். ஞாயிறானால், மேலிருந்து குனிந்து பார்க்கும் அந்தப் பெட்டி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயிலடி, ஆவடி ரோடு, மாங்காடு கோயில் வாசல் என்று கிளம்பிவிடுவாய். சில வாரம் நானும் ஒட்டிக்கொள்வேன். நீ சட்டைப் பொத்தானைப் பார்க்கிறாய் என்று நினைத்து ஜனங்கள் தம் பாட்டுக்கு இருப்பார்கள். "குனிஞ்சி பாத்தாதான் மாமே மூஞ்சி தெரியும்" என்பாய்.

தொழிற்சாலை மன்றத்தில் உன் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். பதினாறு படம். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற கர்வத்தில், படங்களுக்கு அடியில் ஒட்டும் அட்டைகளை நானே எழுதினேன். தலைத்துண்டு முகத்தில் சரிய, கிரீஸ் படிந்த அரைக்கால் சட்டையில் ஒருவர் இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியை இழுக்கும் படத்துக்கு, "கம்பி வண்டி இழுக்கிறான்." மாங்காட்டில் வெள்ளை வேட்டி, விபூதியோடு பக்கவாட்டில் நிற்பவருக்கு, "தரிசனத்துக்குக் காத்திருக்கிறார்."

நீ இரண்டு அட்டைகளையும் என் கையில் கொடுத்தாய். "இத்த சத்தமா படி."

படித்தேன்.

"ஒரே ஆளு காலைல 'றான்', சாயங்காலம் 'றாரா'? ரெண்டுமே எங்க நைனாதான்."

எனக்குக் காது சுட்டது. மூன்று வருடப் பழக்கம். கள்ளிக்குப்பத்தில் இருந்த உன் வீட்டுக்கு நீ எத்தனையோ முறை கூப்பிட்டும் நான் வந்ததில்லை. வந்திருந்தால் அந்த முகத்தை அடையாளம் தெரிந்திருக்கும். "எழுதும்போது அப்படித்தான்டா வரும்" என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன்.

"நாளைக்கு அவரே வர்றாரு. இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கினாரு. மொத மொத இத்தயா படிப்பாரு?"

நீ கோபப்பட்டிருந்தால் தேவலை. நீயோ என் கையிலிருந்து அந்த அட்டையை வாங்கி, 'றான்' மேல் விரலை வைத்து மறைத்தாய்.

மிச்ச அட்டைகளையும் பார்த்தோம். தெரு பெருக்குகிறவள் "கூட்டுகிறாள்", பட்டுப்புடவைக்காரி "காரிலிருந்து இறங்குகிறார்". ரயிலடி நாய் மட்டும் "படுத்திருக்கிறது". "நல்லவேள, நாய ஒயுங்கா எய்திகிறே" என்றாய். இருவரும் சிரித்துவிட்டோம். வேறு அட்டை இல்லை. பிளேடால் சுரண்டிச் சுரண்டி எழுத்தைத் திருத்தினேன்.

மறுநாள் உன் அப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். தன் படத்தின் முன் நின்று, விரல் வைத்து, "இ... ழு... க்கி... றா... ர்" என்று படித்து முடித்தார். அந்த விரல் கடைசி எழுத்தில் நின்றது. "இங்க இன்னாடா காயிதம் தேஞ்சிகீது?"

நான் பக்கத்துப் படத்தை நேராக்கத் தொடங்கினேன்.

"மை கொட்டிச்சி நைனா. அத்தான் சொரண்டினோம்" என்றாய் நீ.

அவர் என்னைப் பார்த்து, "எய்த்து சோக்கா கீது தம்பி" என்றார். உண்மையை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

போன மாதம் உன் வீட்டு வாசலில், பந்தலுக்கு வெளியே நின்றிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் காலை ஊன்றி, பழைய ஓட்டு வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டான்?" என்று கேட்டான்.

இத்தனை வருடத்தில் உன்னை "டா" போட்டே பழகியவன் நான். அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்: "என் சிநேகிதர். இறந்துட்டார்."