உன் பொட்டுக் கெண்டைக்கு எமனாக வந்த ஜிலேபி

மீன் பைத்தியம் பிடித்த என் அண்ணா,

நீ இருந்திருந்தால் நேற்று சித்தப்பா சட்டையைப் பிடித்திருப்பாய். நான் கத்தத்தான் செய்தேன். இன்னும் தொண்டை எரிகிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன், கீபோர்டு உடைந்தாலும் உடையும்.

நேற்று உனக்கு வருஷத் திதி. ஓடை மடுவில் ஜிலேபி மீன் குஞ்சை விட்டுவிட்டார்கள், அண்ணா. உன் மடுவில். உன் பேரைச் சொல்லி.

அந்த மடு எப்படிக் கிடைத்தது, அவர்களுக்கு என்ன தெரியும்? சுனாமியில் கடல் கால்வாய் வழியாக ஏறி, உப்பளத்தைத் தாண்டி, குளம் குட்டை எல்லாவற்றிலும் புகுந்தது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நீ குட்டை குட்டையாகப் போய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, தூ என்று துப்பினாய். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உன் பின்னாலேயே வந்தேன். மேட்டுப் பக்கம் இந்த மடுவில் மட்டும்தான் துப்பாமல் விழுங்கினாய்.

உள்ளே அதுங்க இருந்தன. வாலோரம் கரும்பொட்டு, ஆணுக்கு முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீளம். ஊரில் சின்ன மீன் எல்லாமே கெண்டைப்பொடிதான், குழம்புக்குக்கூட மதிக்க மாட்டார்கள். நாம்தான் பொட்டுக் கெண்டை என்று பேர் வைத்தோம். பாட்டிலில் விட்டுப் படம் எடுத்து மீன் ஃபோரத்தில் போட்டோம். எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரன் 'வாவ்' என்று போட்டதும் நீ இதே சென்டரில் நாற்காலி மேல் ஏறிக் குதித்தாய். ஓனர் திட்டினார், ஞாபகம் இருக்கிறதா?

கடல் விட்டுவைத்த உன்னை அந்தப் பங்குனியிலேயே ஈசிஆரில் ஒரு லாரி கொண்டுபோயிற்று.

நேற்று நான் பூ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மடுவோரம் பேனர். கூலிங்கிளாஸ் போட்ட நீ, பக்கத்தில் துள்ளும் டால்ஃபின், கீழே 'மீன்களின் நண்பன்'. டால்ஃபின் மீனே கிடையாதே அண்ணா! சித்தப்பா பண்ணையிலிருந்து காற்றடைத்த கவரில் குஞ்சுகளை வாங்கி வந்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கடைசிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஜிலேபி மற்ற மீனின் முட்டையைத் தின்னும், தன் குஞ்சை மட்டும் வாய்க்குள் வைத்துக் காக்கும், மழை வந்து ஓடை ஓடினால் கீழே இருக்கிற ஏரியெல்லாம் இதுதான் என்று கத்தினேன்.

"ஏண்டி, அவன் மீனுன்னா உசுர உடுவான். மீனத்தான உட்டோம், பாம்பையா உட்டோம்?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து எனக்குக் கழன்றுவிட்டதாம்.

வலை போட்டு எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டுவேன் என்றேன். பேனரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "எம் புள்ள பேர்ல உட்ட உசுரும்மா. அத நீ சாவடிப்பியா?"

சிரிப்பு நின்றது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. உன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிற ஆளுங்களில் ஒருத்தருக்குக்கூட நீ எந்த மீனுக்காக அலைந்தாய் என்று தெரியவில்லையே. அந்தக் கோபம்தான் ஆறமாட்டேன் என்கிறது.

காலையில் அப்பா உப்பளத்துக்குப் போன பிறகு பார்த்தேன். சுனாமி நிவாரணத்தில் கொடுத்த கொசுவலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, உன் சைக்கிள் மேல் மடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதன் ஓரத்தில், மீன் வலை மாதிரி இழுக்க, கயிறு கோத்திருந்தது.

சித்திரையில் மடு முழங்காலுக்கு வற்றும். நான் இறங்குவேன் அண்ணா. பொட்டுக் கெண்டையைக் குடத்தில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஜிலேபியை ஒன்று விடாமல் அள்ளுவேன். உன் பேரில் விட்ட உயிரைக் கொன்ற பாவம் என்னோடு போகட்டும். குழம்பு வைத்து முதல் தட்டு சித்தப்பாவுக்குத்தான்.

பாட்டிலோடு இன்னமும் உன் பின்னாலேயே வரும்
உன் தங்கச்சி