அப்பாவின் நாற்காலியில் கொரின்

என் கண்ணான மகன் டரெலுக்கு, லார்கோ வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. அலாஸ்கா குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் வலியும் அப்பாவின் குறட்டையும் பழையபடி சௌக்கியம். ஆனால் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. எப்படி என்று கேட்காதே, எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

போன மாதம் அப்பாவின் அரசாங்கத் துறையில் ஆள்குறைப்பு வந்தது. மூடியது கொரினின் பிரிவைத்தான், அப்பாவின் பிரிவை இல்லை. கொரின் உனக்குத் தெரியாது, பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவள், கைக்குழந்தைக்காரி, ஆபீஸ்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து அப்பா ஓட்டுகிற வேனில் பின்சீட்டில் வருகிறவள். அப்பா அவளிடம், "அழாதம்மா, நான் பத்தொன்பது வருஷமா தேய்ச்ச நாற்காலி, என்னை எவனும் அசைக்க முடியாது, உனக்கு ஒரு இடம் பார்த்துத் தரேன்" என்று பெரிய மனுஷராகச் சொன்னார். இடம் கிடைத்தது, அப்பாவுடைய இடம்! பிரிவை மூடினால் அங்கே இருந்தவர் இன்னொருவரைத் தள்ளிவிட்டு அவர் இடத்துக்கு வரலாமாம். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு முதல் உரிமையாம், அதற்கு முன்னால் அப்பாவின் இத்தனை வருஷம் நிற்காதாம். முழு ஓய்வூதியத்துக்கு ஒரே ஒரு வருஷம் பாக்கிடா, என் வயிறு எரிகிறது.

அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானே ஆபீஸுக்குப் போன் போட்டேன். பிரிவுத் தலைவரம்மா, "நான் தற்காலிகமா பார்க்கிறேங்க, மேல கேளுங்க" என்றாள். மேலே இருப்பவரும் தற்காலிகம். அவருக்கு மேலே வரவேண்டியவரை செனட் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, நாற்காலி காலி. காலி நாற்காலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவரை ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டேன். அது வேற வகை நாற்காலி, ஜனாதிபதிதான் ஆள் போடணும் என்றார்கள். சரி, நான் யாரைத்தான் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கொரின் கேக்கோடு வந்து அழுதாள். "மிஸ்டர் ராஸ்கோ, எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன், நீங்களே இருங்க" என்றாள். உன்னிடம் சொல்வதற்கென்ன, சரி என்று சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனம் கத்தியது. அப்பாவோ, "பைத்தியக்காரி, அப்புறம் நீ தெருவுல நிப்ப. பேசாம கையெழுத்துப் போடு. அந்த நாற்காலிக்கு இடது கை ஆடும், சாயாம உக்காரு" என்றார். கோபத்தில் கேக்கைத் தொடக்கூடாது என்றிருந்தேன், பிறகு இரண்டு துண்டு தின்றேன்.

திங்கட்கிழமை காலை பார்த்தால் மனுஷர் டை கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பகீரென்றது, புத்தி பேதலித்துவிட்டதோ என்று. "வேன் என் பேர்ல இருக்கு, அவங்கல்லாம் எப்படிப் போவாங்க?" என்று கிளம்பிவிட்டார். கொரினையும் மற்றவர்களையும் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவர், சாயங்காலம் அவர்களைக் கூட்டிவர மறுபடி போகும்வரை டையைக் கழற்றவே இல்லை. தினமும் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் காக்கட்டும், காரில் போர்வை வைத்துக்கொள். பகலிலேயே போன் செய், அப்பாதான் எடுப்பார். ஏன் வீட்டில் இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதே, வேன் எப்படி ஓடுகிறது என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வெர்லீன்