சிவப்பு ஓக்கில் கட்டிய ஆறு பீப்பாய்கள்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதுவது. நான் நலம். கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்துவிட்டார்கள். இப்போது ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குப் பார்வை தெரிகிறது. உங்கள் நலம் அறிய எனக்குப் பெரிய ஆவல் இல்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், கேட்டுவிட்டேன். தொலைபேசியில் நீங்கள் அடுத்தவரைப் பேச விடமாட்டீர்கள். அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீங்கள் வாங்கி அனுப்பிய பலகையில் உங்கள் மனைவி கட்டிய ஆறு பீப்பாய்களும் ஒழுகிவிட்டன. பிராந்தி ஆலையின் கிடங்கில் நடந்தால் செருப்பு தரையில் ஒட்டுகிறது. இரண்டு பீப்பாய்களில் பாதிகூட மிஞ்சவில்லை. சேதி தெரிந்ததும் நீங்கள் என்னிடம் சொன்ன வார்த்தை நினைவிருக்கிறதா? "ஓக்னா ஓக்தானே அத்தை, செவப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன" என்றீர்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எழுதத்தான் நினைத்தேன். கழுதைக்கு மனம் நோகும் என்று விட்டுவிட்டேன்.

பீப்பாய்ப் பட்டறை வீட்டில் பெண்ணெடுத்து ஆறு வருடம் ஆகியும் பீப்பாய்க்கு ஓக் மரம் எதற்கு என்று தெரியாமல் இருக்கத் தனித் திறமை வேண்டும். பைன் மரத்தில் கட்டினால் பிராந்தியில் பிசின் நாற்றம் அடிக்கும். சில மரங்கள் நெருப்பில் வளைக்கும்போதே பிளந்துவிடும். ஓக் சொன்னபடி வளையும். உட்புறத்தைத் தீயில் வாட்டினால் வாசனையும் நிறமும் தரும். முக்கியமான சங்கதி வேறு. வெள்ளை ஓக் முதிரும்போது, நீர் ஏறும் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதனால் பிராந்தி உள்ளே நிற்கும். காற்று மட்டும் துளித்துளியாகப் போய்வரும். வருடக்கணக்கில் அப்படிக் கிடந்துதான் அதன் காரம் அடங்குகிறது. சிவப்பு ஓக்கில் அந்தக் குழாய்கள் உங்கள் வாயைப் போல எப்போதும் திறந்தே இருக்கும்.

இதெல்லாம் என் மகளுக்குத் தெரியாததா? வெயிலிலும் மழையிலும் கிடந்து கறுத்த பலகை, பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் வெள்ளை என்றீர்கள், நம்பினாள். கட்டி முடித்து வெந்நீர் ஊற்றிப் பார்த்தபோது பலகை நுனிகளில் ஈரம் கசிந்திருக்கிறது. தொலைபேசியில் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். "புதுப் பீப்பாய்னா அப்படித்தான் வேர்க்கும், ஊறினா அடைச்சுக்கும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். கட்டுப் போட்டிருந்தது என் கண்ணில். பார்வை இல்லாமல் இருந்தவள் அவள்.

தெரியாமல் செய்துவிட்டீர்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மரவாடிக்காரருக்கு எழுதிக் கேட்டேன். வெள்ளை ஓக் வர இரண்டு மாதம் ஆகும் என்று அவர் சொன்னாராம். ஒரே வாரத்தில் அனுப்புவதாக ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டேன், சிவப்பையே ஏற்றுங்கள் என்றீர்களாம். அவருடைய பதில் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் மனைவி இதை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே ஆலை முதலாளி முன் போய் நின்று, மரத்தைப் பார்த்து எடுத்தது நான்தான், என் கவனக்குறைவுதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உங்கள் பெயரை வாயிலேயே எடுக்கவில்லை. வரும் திங்கட்கிழமையிலிருந்து அவள் முத்திரை வைத்த பீப்பாய் எதுவும் தன் கிடங்குக்குள் வரக்கூடாது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பீப்பாயின் மூடியிலும் அவள் கையால் சுட்டுப் பதித்த முத்திரை அது. நேற்று அந்த முத்திரை இரும்பைத் துடைத்து, துணியில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்தாள். அழவில்லை. பிறகு உங்கள் சட்டைகளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்துடன் விரல் நீளத்தில் ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன். அந்த ஆறு பீப்பாய்களில் ஒன்றிலிருந்து அறுத்தது. ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். குமிழி வரும். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் வந்து சேருங்கள். முதலாளி எதிரிலும் ஊதிக் காட்டுங்கள். மரம் வாங்கியது நான், தெரிந்தே வாங்கினேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மரவாடிக்காரரின் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்தால் அவள் முத்திரை பிழைக்கும். ஆனால் நீங்கள் வராமல் நான் காட்டிக்கொடுத்து அது பிழைத்தால், அதற்குப் பிறகு அவள் யாருடைய சட்டையைத் தேய்ப்பாள்?

நீங்கள் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். அவள் தினமும் வேண்டிக்கொள்வது அதுதான் என்பதால் எனக்கும் வேறு வழியில்லை. வந்து சொல்லிவிட்டீர்களானால் அடுத்த கடிதத்தில் "உங்கள் அத்தை" என்று கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவியின் தாய்.